கையாலாகாத அறிவியல்: தொட்டுப் பார்க்கும் அருங்காட்சியகங்களை முன்வைத்து

‘தொட்டுப் பாருங்கள், இயக்கிப் பாருங்கள்’ என்று எழுதியிருந்த பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டுதான் அந்தக் காவலர் கத்தினார்: ‘டேய், தொடாதடா! எடுறா கைய!’

2016இல் நடந்தது இது. பாலாற்றங்கரை ஊரொன்றின் சேரியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து மாலைநேரப் பாடசாலை நடத்திக்கொண்டிருந்தோம். முப்பத்தைந்து பிள்ளைகளை பஸ் வைத்து ஓர் அறிவியல் மையத்துக்குக் கூட்டிப்போனோம். (மையத்தின் பெயர் வேண்டாம். சொன்னால் இது நிர்வாகத்துக்கு எழுதிய புகார்க் கடிதமாகிவிடும். நான் எழுத நினைப்பது அதையல்ல.) வளைந்த கண்ணாடிகளின் முன்னால் நின்று எல்லாரும் குண்டாகி, ஒல்லியாகி, தலைகீழாகிச் சிரித்து முடித்த பிறகு ஒரு சுழல்மேடைக்கு வந்தோம். மேடைமேல் ஓர் இருக்கை. பக்கத்தில், இருபுறமும் கைப்பிடி பொருத்திய சைக்கிள் சக்கரம். சுற்றுகிற சக்கரத்தைக் கையில் பிடித்தபடி மேடையில் உட்கார்ந்து அதை இடமோ வலமோ சாய்த்தால், உட்கார்ந்திருப்பவர் தானாகச் சுழல வேண்டும். கோண உந்தம் என்ற ஒன்று எங்கும் தொலைந்துபோவதில்லை என்பதைப் புத்தகத்தால் அல்லாமல் உடம்பால் அறிகிற ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் யாரும் சுழலவில்லை. சக்கரம் ரெண்டு சுற்று சுற்றி நின்றுவிட்டது.

எங்கள் பையன் ஒருவன் சக்கரத்தை வாங்கிக் காதருகே வைத்துச் சுற்றினான். அவன் அப்பா ஊர்முனையில் புளியமரத்தடியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ‘கோன் டைட்டா இருக்கு சார். பால்ரஸ்ல கிரீஸே இல்ல. ரெண்டு ஸ்பேனர் குடுத்தாங்கன்னா அஞ்சு நிமிசம்’ என்றான். சொல்லிக்கொண்டே நட்டை விரலால் திருகிப் பார்த்தான். அப்போதுதான் அந்தக் கத்தல். பையன் கையை எடுத்தான். எடுத்த கையைத் தொங்கவிடவில்லை. முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டான்.

காவலரைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒப்பந்தக் கூலி. ஏதாவது உடைந்தால் தன் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்று பிறகு டீ குடிக்கும்போது அவரே சொன்னார். எனக்கு உறைத்தது வேறு. பலகையும் காவலரும் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசவில்லை. ஒரே இலக்கணத்தின் இரண்டு வாக்கியங்கள் அவை. பலகை ‘தொடு’ என்று சொன்னது பொருளின் ஒரு பக்கத்தை மட்டும்: பார்வையாளருக்கென ஒதுக்கிய பக்கத்தை. பையன் தொட்டது மறுபக்கத்தை. பொருளைச் செய்தவன், பிரித்தவன், கோளாறு கண்டுபிடிப்பவன் நிற்கிற பக்கத்தை. அந்தப் பக்கத்துக்குக் கை போனதும் அது தொடக்கூடாத கை ஆகிவிடுகிறது. இதைப் பராமரிப்புக் குறைபாடு என்று முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

*

அருங்காட்சியகம் என்ற நிறுவனத்தைப் பற்றி மேலைக் கோட்பாட்டாளர்கள் எழுதிக் குவிப்பதற்கு வெகு முன்பே சென்னைப் பாமர மக்கள் ஒரு விமர்சனத்தை எழுதிவிட்டார்கள், இரண்டே சொல்லில். 1851இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘செத்த காலேஜ்’. மிருகக்காட்சிசாலைக்கு ‘உயிர் காலேஜ்’. வைக்கோல் திணித்த புலியையும் திமிங்கல எலும்பையும் பார்த்தவுடன் வந்த பெயர் என்று நாம் சிரித்துவிட்டுப் போகிறோம். யோசித்துப் பார்த்தால், கண்ணாடிப் பெட்டிக்குள் போன எதுவும் செத்ததுதான் என்கிற கணிப்பு அதில் இருக்கிறது. கூடவே, அது ‘காலேஜ்’ என்பதும்! தாங்கள் ஒருபோதும் சேரமுடியாத கல்லூரிக்குள் ஒரு பகல் மட்டும் நடந்துவிட்டு வருகிறோம் என்ற தெளிவும் இருக்கிறது.

டோனி பென்னட் 1988இல் ‘காட்சிப்படுத்தும் வளாகம்’ என்ற கருத்தை முன்வைத்தபோது ஃபூக்கோவின் சிறைச்சாலைக்குப் பக்கத்தில் அருங்காட்சியகத்தையும் கொண்டுவந்து நிறுத்தினார். சிறை உடலை மறைத்துவைத்து ஒழுங்குபடுத்துகிறது. அருங்காட்சியகம் கூட்டத்தை வெளிச்சத்தில் நடக்கவிட்டு, தன்னைத்தானே கவனித்துக்கொள்ளப் பழக்குகிறது. மெதுவாகப் பேசு, கையைக் கட்டு, வரிசையில் போ. பள்ளிச் சுற்றுலாவில் போன எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. கண்ணுக்கு அனுமதி, கைக்குத் தடை. 19ஆம் நூற்றாண்டு அருங்காட்சியகத்தின் சட்டம் இதுதான்.

இந்தச் சட்டத்தை மீறிய முயற்சிகள் ஐரோப்பாவிலேயே வந்தன. மியூனிக்கின் டாய்ச்சஸ் மியூசியத்தில் பார்வையாளர் கைப்பிடியைச் சுழற்றி இயந்திர மாதிரிகளை இயக்கலாம். பாரிஸில் 1937இல், மக்கள் முன்னணி அரசு தந்த சூழலில், இயற்பியலாளர் ழான் பெர்ரன் முன்னின்று திறந்த ‘கண்டுபிடிப்பின் மாளிகை’யில் விஞ்ஞானச் சோதனைகளையே மக்கள் முன்னால் செய்து காட்டினார்கள். ஆனால் ‘கைவைத்துப் பார்க்கும் அருங்காட்சியகம்’ என்று இன்று உலகம் முழுக்க வழங்கும் வடிவத்துக்குப் பேர்போன முன்மாதிரி 1969இல் சான்பிரான்சிஸ்கோவில் திறந்த எக்ஸ்ப்ளோரடோரியம். அதை உருவாக்கியவர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். 2023இல் வந்த சினிமாவில் அணுகுண்டு அண்ணனுக்குப் பின்னால் அவ்வப்போது வந்துபோவாரே, அந்தத் தம்பி.

தம்பியின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1937இல் மனைவி ஜாக்கியோடு கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர். சில ஆண்டுகளில் விலகினார். போர்க்காலத்தில் யுரேனியத்தைப் பிரித்தெடுக்கும் பணியில் இருந்தார். 1945 ஜூலையில் முதல் அணுகுண்டுச் சோதனை நடந்த பாலைவனத்திலும் இருந்தார். 1947இல் பத்திரிகைகள் கட்சி உறுப்பினர் என்று குற்றம்சாட்டியபோது மறுத்தார், அது பொய். 1949இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு முன்னால் தன் உறுப்பினர் விவரத்தை ஒப்புக்கொண்டார். மற்றவர்கள் பெயரைச் சொல்லுங்கள் என்றபோது முடியாது என்றார். மினசோட்டா பல்கலைக்கழக வேலை போயிற்று. வேறெங்கும் வேலை கிடைக்கவில்லை. கொலராடோ மலைப்பகுதியில் பகோசா ஸ்பிரிங்ஸ் என்ற ஊரருகே சுமார் பத்தாண்டுகள் மாடு வளர்த்தார்.

1957இல் அந்தச் சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியரானார். ஆய்வுக்கூடம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பிள்ளைகளை ஊர்க் குப்பைமேட்டுக்கு அழைத்துப்போய், கைவிடப்பட்ட வண்டிகளின் பாகங்களைப் பிரிக்கவைத்து இயக்கவியலும் வெப்பவியலும் கற்பித்தார். பிறகு கொலராடோ பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து செய்துபார்க்கும்படி ‘சோதனைகளின் நூலகம்’ ஒன்றை அமைத்தார். 1965இல் ஐரோப்பா போய் அங்குள்ள அருங்காட்சியகங்களைச் சுற்றிப் பார்த்தார். அதன்பிறகுதான் எக்ஸ்ப்ளோரடோரியம். அதாவது அருங்காட்சியகக் கலையின் வரலாற்றில் ஒரு வால்கூடமல்ல, ஒரு குப்பைமேடு மூலஸ்தானமாக இருக்கிறது.

அங்கே என்ன புதிது? பொத்தான்களும் கைப்பிடிகளும் முன்பே இருந்தன என்று சொன்னேன். புதிது மூன்று விஷயங்கள் என்பது என் வாசிப்பு. முதலாவது பட்டறை. 1915 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய மாளிகையொன்றின் பிரம்மாண்டக் கூடத்தில் நுழைந்தவுடன் கண்ணில் படும்படி அவர் வைத்தது டைனோசர் எலும்பையல்ல. வெல்டிங் பொறி பறக்கும் பட்டறையை. காட்சிப் பொருள்களைச் செய்கிறவர்களும் பழுதுபார்க்கிறவர்களும் பார்வையாளர் முன்னால் வேலை செய்தார்கள். பொருள் எப்படி உண்டாகிறது, எப்படிக் கெடுகிறது, கெட்டதை என்ன செய்கிறார்கள் எல்லாமே காட்சி. இரண்டாவது, ‘சமையல் புத்தகம்’. 1975இல் தொடங்கி மூன்று தொகுதிகளாக, தங்கள் காட்சிப்பொருள்களை எப்படிச் செய்வது என்பதை, எது சரிவரவில்லை என்பது உட்பட, உலகத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். மூன்றாவது, விளக்குநர்கள். சீருடையும் பிரம்பும் இல்லாத இளவட்டங்கள், உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், கூலி கொடுத்து அமர்த்தப்பட்டவர்கள். அறிவியலில் முதல் மதிப்பெண் வாங்கியவர்களாகத் தேடிப் பிடிக்கவில்லை. பல பின்னணியிலிருந்து வரவேண்டும் என்று பார்த்தார்கள். தனக்கே இப்போதுதான் புரிந்த ஒன்றை இன்னொருத்தருக்குச் சொல்வதில் உள்ள பரவசம் நிபுணரிடம் இருக்காது அல்லவா.

மூன்றையும் இணைக்கிற ஓர் எண்ணம் உண்டு: செய்கிற கைக்கும் அறிகிற மூளைக்கும் நடுவிலுள்ள சுவரில் ஒரு ஓட்டை போடுவது. குண்டு செய்த அறிவியல், பட்டறைக் கதவை இறுக மூடி, முள்வேலி போட்டு, இரகசியம் என்று முத்திரை குத்தி நடந்த அறிவியல். அதற்குள் இருந்தவர், அதன் வேட்டைக்கும் ஆளானவர், பட்டறையை வாசலில் கொண்டுவந்து வைத்தார். இதை நான் ஒரு அரசியல் செயலாகப் படிக்கிறேன்.

(அவரைப் புனிதராக்கவும் வேண்டாம். அந்த மாட்டுப் பண்ணை, அப்பா விட்டுப்போன வான்கோ ஓவியம் ஒன்றை விற்று வாங்கியது. மாட்டுத் தொழுவத்துக்குப் போகவும் திரும்பி வரவும் அவரால் முடிந்தது. இந்த ‘திரும்பி வர முடிந்தது’ என்பதைப் பிறகு மீண்டும் எடுத்துக்கொள்வோம்.)

*

இந்தியாவுக்கு இந்த வடிவம் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து கப்பலேறி வந்தது என்று சொல்வது தவறு. கல்கத்தாவில் பிர்லா தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1959இலேயே திறந்துவிட்டது. 1965இல் பேருந்தில் கண்காட்சி வைத்துக் கிராமங்களுக்கும் போனது. 1978இல் அறிவியல் அருங்காட்சியகங்களுக்கென்று தேசியக் குழுமம் உருவாகி மாவட்டங்கள் வரை மையங்கள் பரவின. எத்தனையோ அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இயற்பியலின் மேல் ஆசைப்பட்ட முதல் இடம் அதுதான். இதை நான் மறுக்கவில்லை. என் கேள்வி எந்தச் சொல்லாடலுக்குள் நின்று அவை வளர்ந்தன என்பது.

1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42ஆவது திருத்தத்தின் வழியாக ‘அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது’ குடிமக்களின் அடிப்படைக் கடமை ஆனது. வேடிக்கையைக் கவனியுங்கள்: பேச்சுரிமை இல்லாத நாளில் கேள்வி கேட்கும் கடமை! பிறகு 1980இல் நம் குன்னூரில் கூடிப் பேசி, 1981இல் அறிவியல் மனப்பான்மை பற்றிய அறிக்கையொன்றை அறிஞர்கள் சிலர் வெளியிட்டார்கள். மூடநம்பிக்கையில் கிடக்கும் மக்கள், வெளிச்சம் கொண்டுவரும் விஞ்ஞானம் என்பது அதன் தொனி. ஆஷிஸ் நந்தி மறுப்பு அறிக்கை எழுதினார்: அறிவியலின் ஆணவத்தைப் பாருங்கள், மனிதநேய மனப்பான்மை எங்கே போயிற்று என்று. எங்கள் தலைமுறையில் இந்தச் சண்டையில் ஒரு பக்கம் நிற்காத ஆளே கிடையாது. இன்று திரும்பப் படித்தால் எரிச்சல்தான் வருகிறது. இரு தரப்புக்கும் அறிவியல் என்பது ‘மனப்பான்மை’. தலைக்குள் இருக்கும் ஒன்று. கை எங்கே? கருமானின் கை, செக்கு ஓட்டியவரின் கை, தோல் பதனிட்டவரின் கை எந்த அறிக்கையிலும் இல்லை. ஒருவருக்கு அது இருட்டில் கிடக்கும் மக்கள் திரள். மற்றவருக்கு அது மரபு. இருவருக்குமே அது அறிகிற கை அல்ல.

இந்த ‘மனப்பான்மை’க்குத் தோதான கருவி பொத்தான்தான். பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியும், குரல் பேசும், பந்து மிதக்கும். அமுக்குகிற விரலுக்கு அமுக்குவதைத் தவிர வேலையில்லை. உள்ளே இருப்பது பெட்டி, பெட்டிக்குப் பூட்டு. ஆண்ட்ரூ பாரி என்ற ஆய்வாளர் சுட்டிக்காட்டுகிற மாற்றம் ஒன்று இங்கே உதவும். பழைய ஒழுங்குமுறை ‘செய்யாதே’, ‘கற்றுக்கொள்’ என்று ஆணையிட்டது. ஊடாடும் காட்சியோ ‘நீங்கள் செய்யலாம்’, ‘நீங்களே கண்டுபிடியுங்கள்’ என்று அழைக்கிறது. அதிகாரம் போய்விட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆணையிலிருந்து அழைப்புக்கு அது வேடம் மாற்றிக்கொண்டிருக்கிறது. சுறுசுறுப்பான, தானே தேர்ந்தெடுக்கிற, எந்நேரமும் பொத்தானில் விரல் வைத்திருக்கிற ஒரு குடிமகன்–நுகர்வோன் தேவைப்படும் காலத்துக்கு இது பொருத்தம். தொடுதிரை வந்தபிறகு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

ஆனால் பாரியோடு நான் முழுக்கப் போகமாட்டேன். அவர் பேசுகிற ஊரில் எல்லாக் கையும் ஒரே கை. இங்கே அப்படியில்லை.

*

‘தொடு’ என்ற வினை தமிழில் வெறும் வினையல்ல. தொட்டுக் கும்பிடுகிறோம். தொட்டுத் தாலி கட்டுகிறோம். தொட்டதெல்லாம் பொன்னாகிறது சிலருக்கு. தொட்டால் தீட்டு என்று ஒரு பெரும் மக்கள்கூட்டத்தையே ஊருக்கு வெளியே வைத்தது இதே தமிழ்தான். குடத்தைத் தொடாதே, கிணற்றைத் தொடாதே, டீக்கடை கிளாஸைத் தொடாதே. இரட்டைக் குவளை அழிந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் நாங்கள் பாடசாலை நடத்திய பகுதிக்கு வந்திருக்கலாம். இந்த மண்ணில் ஒரு நிறுவனம் வாசலில் ‘எதையும் தொடலாம், யாரும் தொடலாம்’ என்று எழுதிவைத்தால் அது கல்வி முறை சார்ந்த வாசகம் மட்டுமல்ல, சமூகப் பிரகடனம். சென்னை கோட்டூர்புரத்து அறிவியல் மையத்துக்குப் பெரியாரின் பெயர் வைத்திருப்பது இந்த அர்த்தத்தில் தற்செயலாகப் பொருந்திவிட்ட பெயர் என்பேன். 1924இல் வைக்கத்தில், கோயில் தெருவில் காலை வைத்ததே குற்றமானபோது சிறைக்குப் போனவர் அவர்.

சுந்தர் சருக்கை தீண்டாமை பற்றிய கட்டுரையில் தொடுதலின் ஒரு விசித்திரத்தை விவரிக்கிறார். பார்ப்பதற்குத் திரும்பப் பார்க்கப்பட வேண்டியதில்லை. தொடுவதில் அப்படி முடியாது. தொடுகிறவன் அந்தக் கணமே தொடப்படவும் செய்கிறான். எனவே தொடமறுக்கிறவன் அஞ்சுவது தன்மேல் படுவதை. இதை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். பொத்தானைத் தொடுகிற விரலை எதுவும் திரும்பத் தொடுவதில்லை. மசகு ஒட்டாது, கை கறுக்காது, வெட்டுக்காயம் படாது. பையனின் அப்பாவுடைய விரல் இடுக்கில் பதிந்த கிரீஸ் எந்தச் சோப்புக்கும் போகாது. பொருள் அவரைத் திரும்பத் தொட்டிருக்கிறது. பொத்தான் என்பது தீட்டுப்படாமல் தொடுவதற்கான ஏற்பாடு. கையை அழைத்துவிட்டு அழுக்கை மட்டும் வெளியே நிறுத்துகிறது. அழுக்கோடு சேர்ந்து யார் வெளியே நிற்கிறார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எக்ஸ்ப்ளோரடோரியத்தில் பல்லாண்டுகளாக நடக்கிற ஒரு நிகழ்ச்சி, பசுவின் கண்ணை அறுத்துப் பார்ப்பது. விளக்குநர் ஒருவர் மேசைமேல் கண்ணை வைத்து, கொழுப்பை நீக்கி, வெண்படலத்தை வெட்டி, உள்ளிருக்கும் ஆடியை எடுத்துக் காட்டுவார். பின்சுவரில் நீலமும் பச்சையுமாக மின்னும் படலம் தெரியும். இரவில் மாட்டின் கண் பளபளப்பது அதனால்தான். குழந்தைகள் முகம் சுளிப்பார்கள், பிறகு நெருங்கி வந்து மூக்கை நுழைப்பார்கள். இதைத் தமிழ்நாட்டு அறிவியல் மையத்தின் மேசையில் நடத்துவதாகக் கற்பனை செய்யுங்கள். முதல் நாளே என்ன நடக்கும்? தகராறு வரும், வழக்கு வரும், அரசியல் வரும். அதைவிட முக்கியம், கத்தியை யார் கையில் கொடுப்போம் என்பது. மாட்டின் உடலை அதன் அடுக்கு அடுக்காக அறிந்த கைகள் நம் ஊர்களில் தலைமுறைகளாக இருந்தன. உரிக்கும்போது கத்தி எந்த இடத்தில் அரை நூல் ஆழம் கூடினாலும் தோல் கெட்டுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தோலில் என்ன செய்யும், எத்தனை நாள் ஊறவேண்டும் என்று தெரியும். இதே விஷயம் 1948இல் அடையாற்றில் நிறுவிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் கொலாஜன், டானின் என்ற பெயர்களில் விஞ்ஞானமாக இருக்கிறது. சேரியில் அது இழிதொழில். அறிவு ஒன்றுதான். எந்தக் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது.

இங்கே காஞ்ச அய்லய்யாவை நினைவுகூர வேண்டும். தோல் பதனிடுவதும் பானை வனைவதும் துணி வெளுப்பதும்தான் இந்தியாவின் அறிவியல், உழைக்கும் சாதிகளே இந்த மண்ணின் விஞ்ஞானிகள் என்று குழந்தைகளுக்கே புத்தகம் எழுதினார். எனக்கு அதில் பாதி உடன்பாடு. மீதிப் பாதியில் அம்பேத்கர் குறுக்கே நிற்கிறார். செத்த மாட்டை இழுக்காதே என்று மகர்களுக்குச் சொன்னவர் அவர். சாதி என்பது வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து அடைத்துவைப்பது என்று 1936இல் எழுதியவர். ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் மாட்டுக்கொட்டகைக்குப் போய் பத்து வருடத்தில் திரும்பி வந்தார். எங்கள் பையனின் தாத்தாவுக்குத் திரும்பி வரும் வழி இல்லை. மகனைச் சைக்கிள் கடையில் உட்கார வைத்ததே அவருடைய விடுதலை. அந்தத் தாத்தாவின் தொழிலைக் களிமண் பொம்மையாகச் செய்து, ‘நமது பாரம்பரியத் தொழில்நுட்பம்’ என்று பலகை மாட்டி, மஞ்சள் வெளிச்சம் போட்டு வைத்தால் அது மரியாதையா? மறுபடியும் செத்த காலேஜ்தான். இம்முறை கண்ணாடிக்குள் நம் ஆள்.

ஆகவே நான் கேட்பது பாரம்பரிய அரங்கு அல்ல. தொழிலை அல்ல, அதற்குள் உள்ள அறிவை, பிறப்போடு பிணைத்த கயிற்றை அறுத்து, எல்லார் கைக்கும் கொண்டுவருகிற பட்டறை. அக்ரகாரத்துப் பிள்ளை கிரீஸில் கைவைக்க வேண்டும். சேரிப் பிள்ளை விளக்குநராக நின்று அதை விளக்க வேண்டும், சம்பளம் வாங்கிக்கொண்டு. இரண்டும் சேர்ந்து நடக்காவிட்டால் ஒன்று பொழுதுபோக்கு, மற்றது பழைய விதி.

*

எங்களையும் கேட்டுக்கொள்ளாமல் விட்டால் நேர்மையில்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தை நம் இயக்கத்தவர்கள் மந்திரம் போலச் சொல்வோம். செய்து கற்பது, கேள்வி கேட்பது, புத்தகத்தையே திறந்துவைத்துத் தேர்வு எழுதுவது. முப்பது ஆண்டு நடந்ததை 2002இல் அரசு ஒரு உத்தரவில் மூடியது. அங்கேதான் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் இணைத்து வடிவங்கள் செய்யும் முறையை அரவிந்த் குப்தா உருவாக்கினார். காசு இல்லாத அறிவியல். தமிழ்நாட்டிலும் அறிவொளிக் காலத்திலிருந்து எத்தனை பயிற்சி முகாம்களில் அந்த வால்வு டியூபை வெட்டியிருப்போம்! டியூபை வாங்கியது சைக்கிள் கடையில், மீட்டர் கணக்கில். ஒருமுறையாவது அந்தக் கடைக்காரரை முகாமுக்குள் கூப்பிட்டு, ‘நீங்க உக்காருங்கண்ணே, நீங்க சொல்லுங்க’ என்று கேட்டோமா? இல்லை. பொருளை எடுத்துக்கொண்டோம். கையை மரத்தடியிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

எக்ஸ்ப்ளோரடோரியம் 1985இல் ஃபிராங்க் இறந்தபின்னும் தொடர்ந்தது. 2013இல் துறைமுகத்துப் பதினைந்தாம் எண் படகுத்துறைக்கு இடம்பெயர்ந்தது. பட்டறையை அங்கும் கண்ணில் படும்படியே வைத்திருக்கிறார்கள். அதே ஆண்டு ஊழியர்கள் பலரை வேலையைவிட்டு நீக்கினார்கள். தொடக்க ஆண்டுகளில் கட்டணம் வாங்காத இடத்தில் இன்று பெரியவர் ஒருவருக்குச் சீட்டு முப்பது டாலருக்கு மேல். கதவு திறந்திருக்கிறது, டிக்கெட் கவுண்டரைத் தாண்டி. வடிவம் எவ்வளவு நல்லதானாலும் அதற்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்ற கேள்வி விடாது.

அந்தச் சுழல்மேடைக்குத் திரும்புகிறேன். ஊர் வந்த மறுநாள் சாயங்காலம் பையன் தன் அப்பா கடையில் பழைய சக்கரம் ஒன்றைப் பிரித்து, பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்து, அச்சின் இரு முனையிலும் குழாய்த் துண்டைச் செருகி எடுத்துவந்தான். கம்ப்யூட்டர் சென்டரில் சுழல் நாற்காலி இரவல். சக்கரத்தைச் சாய்த்தான், நாற்காலி அழகாகத் திரும்பியது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். நான், மையத்தின் விளக்கப் பலகையில் படித்திருந்ததை அப்படியே ஒப்பித்தேன்: ஓடுகிற சைக்கிள் விழாமல் இருப்பதும் இதனால்தான், சுழலும் சக்கரம் தன் அச்சை விட்டுச் சாய மறுக்கிறது என்று.

அவர் கடைப்பெட்டிமேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், ‘அது எப்படி சார்?’ என்றார். ‘ஹேண்டில் பார் ஜாம் ஆயிட்டா எவ்ளோ வேகமா மிதிச்சாலும் வண்டி விழுந்துரும். சக்கரம் சுத்திக்கிட்டுத்தான இருக்கு?’

எனக்குப் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்தேன். 1970இல் டேவிட் ஜோன்ஸ் என்ற வேதியியலாளர், எதிர்த்திசையில் சுற்றும் கூடுதல் சக்கரம் வைத்து இந்தச் சுழல் விளைவை ஒழித்த சைக்கிளைச் செய்து ஓட்டிப் பார்த்திருக்கிறார், ஓடியது. 2011இல் பொறியியலாளர்கள் சிலர் சுழல் விளைவு இல்லாமலே, ஆள் இல்லாமலே, விழாமல் ஓடுகிற சைக்கிளைச் செய்து காட்டினார்கள். வண்டி சாயும் பக்கமே கைப்பிடி தானாகத் திரும்பிக்கொடுப்பதுதான் அதை நிமிர்த்துகிறது. அப்படித் திரும்ப முடியாமல் பூட்டினால் சக்கரம் எவ்வளவு சுற்றினாலும் பயனில்லை. பலகை சொன்னது முக்கால்வாசி தப்பு.

அடுத்த வாரம் போய்ச் சொன்னேன். ‘அதான் சொன்னேன்ல சார்’ என்று சொல்லிவிட்டுப் பஞ்சர் டியூபைத் தண்ணீரில் அமுக்கினார்.